'கேபிள் – 1 லாட்' என்று எழுதும் கொள்முதல் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மில், பவுண்டரி, பம்புசெட் கம்பெனி, சாயப்பட்டறை என்று எதுவாக இருந்தாலும், அதன் கொள்முதல் மேசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய ஷெட் ஒன்றுக்கு வயரிங் செய்ய விலை கேட்டுச் சென்ற வாரம் ஒரு படிவம் வந்தது. பெயிண்டுக்கு நிறத்தின் எண் வரை எழுதியிருக்கிறார்கள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. கேபிளுக்கு வந்ததும் இரண்டே வரி. 'நெட்வொர்க் கேபிள் கேட் 6 – 20 பாக்ஸ்.' 'கன்ட்ரோல் கேபிள் – 1 லாட்.' 'கேட் 6' என்பது கணினி, கேமராக்களை இணைக்கும் கேபிளின் தர வகை. கன்ட்ரோல் கேபிள், கருவிகளின் சிக்னலைக் கொண்டுபோவது. 'லாட்' என்றால் அளவு சொல்லாத மொத்தம். எதிரே விலை எழுத ஒரு கட்டம். யார் குறைவாக எழுதுகிறாரோ அவருக்கு ஆர்டர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் கேபிள் இழுக்கிறேன். அந்தக் கட்டத்தை நிரப்ப இரண்டு நிமிடம் போதும். நிரப்பிக் கொடுத்த பிறகு என்னென்ன நடக்கும் என்பதைப் பல முறை பார்த்துவிட்டதால்தான் கை வரவில்லை. பார்த்தவற்றில் சிலவற்றை எழுதுகிறேன். ஆலைகளின் பெயர் வேண்டாம். படிக்கும்போதே சிலருக்குத் தங்கள் ஆலைதான் என்று தெரிந்துவிடும்.

ஒரு மில்லின் பின்வாசலில் சுழலும் கேமரா ஒன்று. பகலெல்லாம் ஒழுங்காகப் படம் காட்டும். இருட்டியதும் அணையும், எரியும், மறுபடி அணையும். கேமராவை மாற்றினார்கள். கேமராவை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் பெட்டியை மாற்றினார்கள். மென்பொருளைப் புதுப்பித்தார்கள். வாட்ச்மேன், "ராத்திரி யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று சொல்லி, ஓர் அப்பாவித் தொழிலாளி மீது சந்தேகமே வந்துவிட்டது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை எரியவிடும். அப்போது அது இழுக்கும் மின்சாரம் கூடும். அந்த மின்சாரம் தனி ஒயரில் வரவில்லை. தகவல் வரும் அதே நெட்வொர்க் கேபிளில்தான் வருகிறது. அந்தக் கேபிளின் ஒரு முனையில் ஒரு ஜோடிக் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு, மறுமுனையில் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். நீளம் 85 மீட்டர். நல்ல செம்புக் கேபிளாக இருந்தால் 16 ஓமைத் தாண்டக் கூடாது. மீட்டர் 31 காட்டியது.

ஒரு சாண் வெட்டி எடுத்து, கம்பியின் மேல்தோலை உரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், இரண்டு இழுப்பில் உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. எங்கள் தொழிலில் இதற்கு சி.சி.ஏ. என்று பெயர். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'கேட் 6' என்றும், அதற்கு மேல் நல்ல பளபளப்பான ஹோலோகிராமும் இருந்தன. கம்பியோ 23 கேஜும் இல்லை, 24 கேஜும் இல்லை (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்); அதற்கும் மெலிது. போதாததற்கு நடுவில் ஒரு ஜாயின்ட்.

கணக்கு எளிது. 25 வாட் கேட்கும் கேமராவுக்கு இந்தக் கம்பியில் அனுப்பினால் வழியிலேயே ஒன்பது வோல்ட் போய்விடுகிறது. மிச்சம் கேமராவுக்குப் போதுமா போதாதா என்ற விளிம்பில் நிற்கும். ஜாயின்டில் அலுமினியம் கொஞ்சம் களிம்பேறினால் போதும், விளிம்பைத் தாண்டிவிடும். திருடன் வரும் நேரத்தில் அணையும் கேமராவை அந்த மில் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறது; மிச்சம் பிடித்தது கேபிளில்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பம்புசெட் மோட்டாருக்குச் செம்பு வைண்டிங் என்று சொல்லி அலுமினியம் சுற்றிக் கொடுத்தவனை நாம் என்ன பாடு படுத்துவோம்? அவன் கடைக்கு அப்புறம் யார் போவார்கள்? ஆனால் அதே வேலையை ஒரு கேபிள் பெட்டிக்குள் செய்தால் அவனுக்கு ஆர்டர் கொடுக்கிறோம்.

பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்கும் வழி உங்கள் மேசையிலேயே இருக்கிறது. ஒரு பாக்ஸ் என்பது 305 மீட்டர், அதாவது ஆயிரம் அடி. உள்ளே எட்டுக் கம்பி. 23 கேஜ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.57 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு பாக்ஸில் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். 24 கேஜ் என்றால் நாலரைக் கிலோ. இன்றைய செம்பு விலை என்ன என்று உங்கள் வைண்டிங் ஸ்டோரில் கேளுங்கள், கிலோக் கணக்கில் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு வந்திருக்கும் கேபிள் விலை அந்த ஐந்தரைக் கிலோ செம்பின் விலையைவிடக் குறைவாக இருந்தால், விற்பவர் தர்மத்துக்குச் செம்பு கொடுக்கிறாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த ஒரு பெருக்கலைச் செய்யச் சொல்லித்தான் நான் வருடக்கணக்காக மன்றாடிக்கொண்டிருக்கிறேன். பருத்திக் கண்டியின் விலையில் பைசா வரை கணக்குப் பார்க்கும் மேசை அது.

அலுமினியம் கெட்ட உலோகம் என்று நான் சொல்லவில்லை. மின்வாரியக் கம்பத்தில் ஓடுவது அலுமினியம்தான், உங்கள் ஆலையின் தடித்த ஆர்மர்டு கேபிள்களில் பாதிக்கு மேல் அலுமினியம்தான். அங்கே அதற்கு ஏற்ற தடிமனும், அதற்கு ஏற்ற லக்கும் இருக்கின்றன. நெட்வொர்க் கேபிளுக்கான சர்வதேசத் தரங்கள் முழுச் செம்பை மட்டுமே ஏற்கின்றன. முலாம் பூசிய அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். தகவல் மட்டும் ஓடிய காலத்தில் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியவில்லை. கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பலாம் என்று 2003-இல் வந்த முதல் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். 2009-இல் அது 30 வாட் ஆனது. 2018-இல் 90 வாட் வரை போய்விட்டது. இன்று அந்த மெல்லிய கம்பி ஒரு டியூப்லைட்டைவிட அதிகமான சுமையைத் தாங்கிக்கொண்டு, இன்னும் நாற்பது கேபிள்களோடு ஒரே கட்டில் கட்டப்பட்டு, தகரக் கூரைக்கு அடியில் ஏப்ரல் மாதத்தைக் கழிக்கிறது.

"டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்ததே" என்பீர்கள். அந்த நூறு, இருநூறு ரூபாய் டெஸ்டர் எட்டுக் கம்பியும் அறுபடவில்லை என்று மட்டும் சொல்லும். முலாம் பூசிய அலுமினியத்துக்கும் எட்டு விளக்கும் எரியும். பிளக் மாட்டும்போது ஜோடி மாறிப்போயிருந்தாலும் எரியும். 100 மீட்டருக்கு ஒரு ஜோடியின் போய்வரும் தடை 19 ஓமுக்குள் இருக்கிறதா என்று எந்த எலக்ட்ரீஷியனும் சாதாரண மல்டிமீட்டரை வைத்துச் சொல்லிவிடுவார். சரக்கு வந்த அன்றே பெட்டியிலிருந்து கழற்றாமலே பார்க்கலாம். இரண்டு முனைகளும் கைக்கு எட்டுவது போல்தான் பல பெட்டிகள் வருகின்றன. முழுப் பெட்டிக்கு 57 ஓமைத் தாண்டினால் லாரியிலேயே திருப்பி ஏற்றிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜவுளி அலுவலகத்தில் எட்டு மேசைகளுக்குக் 'கேட் 8' போடச் சொன்னார்கள். எண் பெரிதானால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட் 8 என்பது சர்வர் அறைக்குள் ரேக்குக்கு ரேக் இழுப்பதற்காக வந்தது. அதன் முழு வேகமும் 30 மீட்டருக்குத்தான். கேட் 7 என்ற பெயரை அமெரிக்கத் தரக் குழு ஏற்றுக்கொள்ளவே இல்லை; சாதாரண பிளக் மாட்டி அந்தப் பெயரில் விற்பவர்களிடம் நாம் பணம் கொடுப்பது அந்த எண்ணுக்குத்தான். கணக்கு எழுதும் மேசைக்கும் எடைமேடைக் கணினிக்கும் கேட் 6 தாராளம். ஒரு கிகாபிட் வேகத்துக்குக் கேட் 5இ-யே 100 மீட்டர் வரை போதும். பத்து கிகாபிட் வேண்டுமென்றால், கேட் 6 ஏறத்தாழ 55 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். முழு 100 மீட்டருக்கும் வேண்டுமானால் கேட் 6ஏ. கூரையில் தொங்கும் வைஃபை கருவிகளுக்கு அதைப் போடலாம், பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த 100 மீட்டர் என்பது ரேக்கிலிருந்து கணினி வரையிலான மொத்தப் பாதை. சுவருக்குள் 90, இரு முனைகளிலும் மாட்டும் குட்டிக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கு 10. வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்து '95 மீட்டர் வருகிறது, பரவாயில்லை' என்று எழுதுகிறவர்கள், கேபிள் தூணில் ஏறி இறங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்த 'கன்ட்ரோல் கேபிள் – 1 லாட்'. எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த வரியைப் பார்த்துத்தான்.

ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு மின் மீட்டர்களை இணைத்து, எந்த இயந்திரம் எவ்வளவு யூனிட் தின்கிறது என்று கணினியில் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். திங்கள் முதல் சனி வரை பாதி மீட்டர்களிலிருந்து தகவலே வராது. வந்தாலும் கோடிக்கணக்கில் யூனிட் காட்டும். கருவி விற்ற பொறியாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பார், மற்ற நாளில் ஷிப்டை நிறுத்த முடியாதே. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தங்கம் போல வேலை செய்யும். 'சரியாகிவிட்டது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். திங்கள் காலை ஆறு மணிக்கு மறுபடி அதே கதை. இப்படி நாலு மாதம்.

நான் திங்கட்கிழமை போனேன். செய்ததெல்லாம் கேபிள்கள் போகும் ட்ரேயின் மூடியைத் திறந்து பார்த்ததுதான். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களில், மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிள்கள் பத்து, அவற்றின் மடியிலேயே அந்த மீட்டர்களின் கேபிள். அதுவும் முறுக்கில்லாத, மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையில்லாத, சாதாரண மூன்று கோர் ஒயர். ஸ்டோரில் மிச்சம் இருந்ததாம்.

டிரைவ் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்தத் தப்பு நடக்காது. அது மோட்டாருக்கு அனுப்புவது மின்வாரியத்தின் வழவழப்பான அலையை அல்ல. 415 வோல்ட் லைனில் ஓடும் டிரைவின் வயிற்றுக்குள் ஏறத்தாழ 590 வோல்ட் டி.சி. இருக்கிறது. அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் பக்கத்தில் இருக்கும் கம்பியில் ஓர் அடி. அரிசி மில்லுக்குப் பக்கத்தில் பாட்டு வகுப்பு நடத்துவது மாதிரி. மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் பாட்டு நன்றாகத்தான் கேட்கும்.

இரண்டு கம்பிகளை ஏன் முறுக்குகிறோம் என்பதற்கும் இதுதான் காரணம். முறுக்கிய ஜோடியில் வெளி இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். டெலிபோனைத் தந்த கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நாம் 140 ஆண்டுகள் கழித்து, ஸ்டோரில் மிச்சம் இருந்த மூன்று கோர் ஒயரை இழுக்கிறோம்.

அந்த மீட்டர்கள் பேசுவது ஆர்.எஸ். 485 என்ற முறையில். அதற்கு வேண்டியது முறுக்கிய ஜோடி, மேலே உறை, 120 ஓம் தன்மையுள்ள கேபிள். மெதுவான வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். ஆனால் ஒரு மின் மீட்டரிலிருந்து அடுத்த மின் மீட்டருக்கு என்று ஒரே கோட்டில், பூத் தொடுப்பது போலப் போக வேண்டும். மரக்கிளை போல நாலா பக்கமும் பிரியக் கூடாது. கோட்டின் இரண்டு முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரு கம்பிகளுக்கு நடுவே மீட்டரை வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையை மறந்துவிட்டார்கள். 40 காட்டினால் நடுவில் யாரோ கூடுதல் புத்திசாலி ஒன்று மாட்டியிருக்கிறார். அந்த மில்லில் அது 30-ஐயும் தாண்டவில்லை. மீட்டர் விற்றவர் பெட்டிக்கொன்று கொடுத்திருந்தாராம், வீணாக்குவானேன் என்று ஐந்தாறு இடத்தில் மாட்டிவிட்டார்கள்.

கேபிளை மாற்றி, தனிக் குழாயில் கொண்டுபோய், பவர் கேபிளைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக மட்டும் கடக்கவிட்டோம். இரண்டு நாள் வேலை. நாலு மாதச் சண்டைக்கு அதுதான் தீர்வு.

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளையும் அப்படியே விட முடியாது. அது நீளமானால், மோட்டார் முனையில் அலை மோதித் திரும்பி, உள்ளே இருக்கும் டி.சி. வோல்டேஜ் போல இரு மடங்கு வரை எகிறும். பழைய வைண்டிங் அதைத் தாங்காது. 'டிரைவ் போட்டதிலிருந்து மோட்டார் அடிக்கடி எரிகிறது' என்று புலம்புகிற ஆலைகளில் முதலில் அந்தக் கேபிளின் நீளத்தைத்தான் கேட்பேன். மூன்று பவர் கோர்களைச் சுற்றிச் சமச்சீராக எர்த் கம்பிகளும், மேலே பின்னல் உறையும் உள்ள கேபிள் இதற்கென்றே இருக்கிறது. அந்த உறையை இரு முனைகளிலும், சுற்றளவு முழுவதும் படியுமாறு கிளாம்ப் வைத்து எர்த் செய்ய வேண்டும். முறுக்கி எலிவால் மாதிரி ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டுப் போவது பிரயோஜனமில்லை. ஆனால் கருவிகளின் அளவீட்டைக் கொண்டுவரும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் கேபிளின் உறையைப் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்கிறோம். இரண்டுக்கும் ஒரே 'உறையுள்ள கேபிள்' என்று எழுதினால், கடைக்காரர் எதைக் கொடுப்பார்? கையில் இருப்பதைக் கொடுப்பார்.

நானும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், அலுவலகம் முழுக்க உறையுள்ள நெட்வொர்க் கேபிள் போட்டேன். விலை அதிகம், லாபமும் அதிகம். பிளக்குகள் சாதாரணப் பிளாஸ்டிக். உறையை எங்கும் எர்த் செய்யவில்லை. எர்த் இல்லாத உறை இரைச்சலைச் சரியாகத் தடுக்காது, சில சமயம் ஆண்டெனா போல வாங்கியும் கொள்ளும். அது எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. அந்த நிறுவனத்துக்கு இன்னும் தெரியாது.

பவுண்டரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களிடம் இருக்கும் கேபிள்களிலேயே அதிகம் ஏமாற்றுவது, அடுப்பின் வெப்பநிலையைக் காட்ட உதவும் தெர்மோகப்பிளின் கேபிள். பார்க்க இரண்டு கோர் ஒயர் மாதிரியே இருக்கும். விலையோ செம்பு ஒயரைவிடக் கூடுதல். அதனால் அது அறுந்தால் மெயின்டெனன்ஸ் ஆள், "இரண்டு கம்பிதானே" என்று 1.5 ஸ்குயர் எம்.எம். செம்பு ஒயரை மாட்டிவிடுவார். கருவி வேலை செய்யும், எண் காட்டும். அதுதான் ஆபத்து.

தெர்மோகப்பிள் வெப்பத்தை அளப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தை அளக்கிறது. பேனலில் இருக்கும் கருவி தன் இடத்து வெப்பத்தைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். அதற்கு, அடுப்பிலிருந்து பேனல் வரை அதே வகை உலோகக் கலவையே தொடர்ந்து வர வேண்டும். நடுவில் செம்பு வந்தால் கணக்கு அடுப்பின் வாசலிலேயே முடிந்துவிடும். எங்கள் அனுபவத்தில் ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் அடுப்பு, அதாவது வார்ப்பைச் சூடாக்கி அதன் உள் இறுக்கத்தைத் தளர்த்தும் அடுப்பு. தெர்மோகப்பிளின் தலை அடுப்புச் சுவரை ஒட்டி 90 டிகிரியில் கொதிக்கிறது. பேனல் அறையில் 35. இடையில் இருக்கும் 55 டிகிரி காணாமல் போய்விட்டது. கருவியில் 550 வரும் வரை அடுப்பு எரிகிறது, உள்ளே உண்மையில் 600-ஐத் தாண்டிவிட்டது. வார்ப்புகளின் கடினத்தன்மை குறைந்துபோய் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். இரும்பின் கலவையைச் சந்தேகப்பட்டார்கள், மணலைச் சந்தேகப்பட்டார்கள். நான் போனது வேறு வேலைக்கு. தற்செயலாகத்தான் அந்தச் சிவப்பு, கறுப்பு ஒயரைப் பார்த்தேன்.

வாங்கும்போது தெர்மோகப்பிளின் வகையை 'கே டைப்' என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த நாட்டு நிறக் குறியீடு என்றும் எழுதுங்கள். சர்வதேச முறையில் கே வகைக்குப் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்புதான் நெகட்டிவ். நம் ஆட்களுக்குச் சிவப்பைக் கண்டால் கை தானாகவே பாசிட்டிவுக்குப் போகும்.

அடுத்து, கட்டடத்துக்குக் கட்டடம் இழுக்கும் கேபிள். அலுவலகத்திலிருந்து குடோனுக்கு மரத்துக்கு மரம் கட்டிய சாம்பல் நிறக் கேபிளை இந்த வட்டாரத்தில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அது வீட்டுக்குள் போட வேண்டிய கேபிள். வெயிலில் அதன் தோல் சீக்கிரமே வெடிக்கும், மழைநீர் உள்ளே இறங்கும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும். அணிலுக்கு ஏன் கேபிள் பிடிக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பக்கத்திலேயே கொய்யா மரம் இருந்தாலும் கேபிளைத்தான் கடிக்கிறது. வெளியில் போட வேண்டியது கறுப்பு பாலிஎத்திலீன் தோல் உள்ளது; மண்ணுக்குள் போனால் நீர் புகாத ஜெல் நிரப்பியது.

அதைவிட முக்கியம், கட்டடங்களுக்கு இடையே செம்பையே தவிர்ப்பது. இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த் பிட். பக்கத்தில் எங்காவது இடி விழும்போது அந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எழும் வோல்டேஜ் ஓட வழி தேடும். நீங்கள் கட்டிய செம்புக் கேபிள்தான் வழி. ஐப்பசி மாதத்தில் ஒரே மாலையில் இரு முனை சுவிட்சுகளும் நாலு கணினிகளும் கருகிய இடத்தைப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் போட்டால் அந்த வழி அடைபடும், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எலிக்குப் பயந்து இரும்புத் தகடு சுற்றிய ஃபைபர் வாங்கினால் மட்டும் அந்தத் தகட்டை முறையாக எர்த் செய்ய வேண்டும். ஃபைபரின் இரண்டு வகைகளில் மல்டிமோடா சிங்கிள்மோடா என்று கேட்டால், கட்டடத்துக்கு வெளியே போவதெல்லாம் சிங்கிள்மோடாகவே இருக்கட்டும் என்பேன். ஓ.எம். 3 என்ற ரக மல்டிமோடு பத்து கிகாபிட்டை 300 மீட்டர் வரை கொண்டுபோகும். சிங்கிள்மோடு அதே வேகத்தில் பத்து கிலோமீட்டர் போகும். நாளைக்கு நிலம் வாங்கி இன்னொரு ஷெட் போடுவீர்கள்.

அசையும் இயந்திரங்களுக்கு நுண்ணிய இழைகள் கொண்ட, அதற்கென்றே செய்த வளையும் கேபிள்; கிரேனுக்குத் தட்டைக் கேபிள்; சாயப்பட்டறைக்கு ரசாயனம் தாங்கும் தோல். இவற்றை விரிவாக எழுதினால் மடல் புத்தகமாகிவிடும். பவர் ஒயரில் ஐ.எஸ். 694, ஆர்மர்டு கேபிளில் ஐ.எஸ். 1554 அல்லது ஐ.எஸ். 7098 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். பி.வி.சி. கேபிள் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். பெண்கள் நிறைய வேலை செய்யும் தையல் தளங்களிலும், தொழிலாளர் விடுதிகளிலும், படிக்கட்டு ஓரங்களிலும் குறைந்தது எளிதில் தீ பரவாத, புகை குறைந்த எஃப்.ஆர்.எல்.எஸ்., முடிந்தால் ஹாலஜன் இல்லாத வகை போடுங்கள். அந்த இடத்தில் மீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் பேரம் பேசுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். தணிக்கைக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும், மூன்றும் ஒப்பிடும்படி இருக்க வேண்டும், குறைந்ததைத் தவிர்த்தால் காரணம் எழுத வேண்டும். 'கேட் 6 – பாக்ஸ்' என்று ஒரே வரியாக இருந்தால் ஒப்பிடுவது சுலபம். ஆனால் ஒருவர் செம்புக்கும் இன்னொருவர் அலுமினியத்துக்கும் விலை சொல்லியிருக்கும்போது நீங்கள் எதை ஒப்பிட்டீர்கள்? படிவத்தில் 'முழுச் செம்பு, 23 கேஜ், 100 மீட்டருக்கு ஜோடித் தடை 19 ஓமுக்குள், சோதித்த பிறகே பணம்' என்று ஒரு வரி கூட்டினால், மலிவுச் சரக்குக்காரர் தானாகவே ஒதுங்கிக்கொள்வார். காரணம் எழுத வேண்டிய அவசியமே வராது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முறையான சோதனை அறிக்கை கேளுங்கள். தர முடியாது என்று சொல்பவர் என்னைப் போன்ற வயரிங் ஆளாக இருந்தாலும் சரி, பணத்தைப் பிடித்து வையுங்கள்.

அந்தப் புதிய ஷெட்டின் படிவத்தை நிரப்பாமலே திருப்பி அனுப்புகிறேன். '1 லாட்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சில கேள்விகள் எழுதியிருக்கிறேன். டிரைவ்கள் எத்தனை, மோட்டார் எவ்வளவு தூரத்தில்? மீட்டர்கள் எந்த வரிசையில்? அடுப்பு உண்டா, உண்டென்றால் எந்த வகை தெர்மோகப்பிள்? குடோன் தனிக் கட்டடமா? கேமராக்கள் இரவிலும் ஓடுமா? பதில் வந்த மறுநாளே விலை அனுப்புகிறேன். படிவத்தின் மூலையில் அந்த 31 ஓம் கேபிளின் விரல் நீளத் துண்டு ஒன்றை ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். பிளேடு உங்கள் மேசையிலேயே இருக்கும்.